தபாஸ் கடையில் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது? வாசகர் கேள்வி–பதில்

இம்முறை வந்த கேள்விகள் ஸ்பெயின் நாட்டுத் தபாஸ் கடைகளைப் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறோம். ஸ்பானியச் சொற்களை அந்த ஊர் ஒலிக்கு நெருக்கமாக எழுதியிருக்கிறோம். மெனு அட்டையில் ஆங்கில ‘ஜே’ எழுத்து வரும் இடத்தில் ‘ஹ’ என்றும், இரட்டை ‘எல்’ வரும் இடத்தில் ‘ய’ என்றும் படித்தால் இங்கே இருப்பதோடு பொருந்தும்.

மெனு அட்டையில் ஒரே பண்டத்துக்கு மூன்று விலை போட்டிருக்கிறார்கள். தபாஸ் என்பது ஒரு பலகாரத்தின் பெயர் இல்லையா? இரண்டு பேர் போனால் எத்தனை தட்டு வாங்குவது?
வாசகர், திருச்சி

தபாஸ் என்பது பண்டத்தின் பெயரல்ல, அளவின் பெயர். ‘தாபா’ என்றால் ஸ்பானிய மொழியில் மூடி. ஒயின் கோப்பையின் வாயை ரொட்டித் துண்டாலோ இறைச்சித் துண்டாலோ மூடிக் கொடுத்த பழக்கத்திலிருந்து இந்தப் பெயர் வந்ததாகப் பரவலாகச் சொல்வார்கள். இன்று ‘தாபா’ என்று போட்டிருந்தால் மூன்று நான்கு வாய் அளவுள்ள சிறு தட்டு, ஒருவருக்கு. ‘மெதியா ராசியோன்’ என்றால் அரைத் தட்டு, இரண்டு பேர் பகிர்ந்துகொள்ள. ‘ராசியோன்’ முழுத் தட்டு. மூன்று நான்கு பேர் நடுவில் வைத்துச் சாப்பிடுவது. அதே கொண்டைக்கடலைக் கீரை மூன்று அளவிலும் கிடைக்கும், அதனால்தான் மூன்று விலை. செவியா (ஆங்கிலத்தில் செவில்) போன்ற ஊர்களில் தாபா அளவைக் கவுண்ட்டரில் மட்டும் தருகிற கடைகள் உண்டு. வெளியே மேசையில் உட்கார்ந்தால் அரைத் தட்டிலிருந்துதான் தொடங்கும். உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இரண்டு பேருக்கு மொத்தம் ஐந்தாறு தாபா, அல்லது மூன்று அரைத் தட்டு போதும். எண்ணிக்கையைவிட முக்கியம், அதை இரண்டு தவணையாகக் கேட்பது. பத்துத் தட்டை ஒரே மூச்சில் சொல்லிவிடுவதுதான் நம்மவர்கள் அதிகமாகச் செய்யும் தவறு. அந்தச் சமையலறையில் முதலில் சூப், பிறகு பிரதான உணவு என்ற வரிசை கிடையாது. எது முதலில் ஆகிறதோ அது முதலில் வரும். மேசையோ இரண்டடி அகலம்தான். எல்லாம் சேர்ந்து வந்தால் பாதி ஆறிப்போகும்.

ஆறினால் என்ன என்று நினைக்க வேண்டாம். ‘க்ரோகேத்தா’ என்பது கெட்டியான வெள்ளை சாஸை உருட்டி, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்தது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே குழைவு என்பதுதான் அதன் உயிர். சில நிமிடம் கிடந்தால் உள்ளிருக்கும் ஆவி மேலோட்டை நமுக்க வைத்துவிடும். ‘கம்பாஸ் அல் அஹீயோ’ என்கிற பூண்டு இறால் மண்சட்டியில் எண்ணெய் கொதிக்கக் கொதிக்க வரும். சட்டியின் சூட்டிலேயே இறால் தொடர்ந்து வேகும். தாமதித்தால் ரப்பராகிவிடும். வந்ததும் இறாலை எடுத்துவிட்டு, எண்ணெயை ரொட்டியில் தொட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே முதலில் பானம், கூடவே குளிர்ந்த தட்டு இரண்டு (ஆலிவ், சால்மொரேஹோ என்ற தக்காளிக் கூழ், பாலாடைக்கட்டி போல), சூடாக ஒன்று. அவை காலியாகும் தறுவாயில் அடுத்த இரண்டு. பொரித்தது முன்னால், குழம்பு வகை பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழம்பு வயிற்றை அடைத்துவிடும்.

மாலை ஆறரை மணிக்குப் போனால் பானம் மட்டும்தான், சாப்பாடு இல்லை என்கிறார்களாமே?
வாசகி, கோயம்புத்தூர்

உண்மைதான். பார் காலை முதல் இரவு வரை திறந்திருந்தாலும் அடுப்பு இரண்டு வேளைதான் எரியும். மதியம் சுமார் ஒன்றரையிலிருந்து நான்கு வரை, இரவு எட்டு அல்லது எட்டரையிலிருந்து பதினொன்று வரை. வடக்கே பாஸ்க் பகுதியில் இரவு வேளை ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்கும். இடைப்பட்ட நேரத்தில் கவுண்ட்டரில் இருக்கும் ஆறிய தட்டுகளும் ‘தோர்த்தீயா’ என்கிற உருளைக்கிழங்கு முட்டை அடையும்தான் கிடைக்கும். ஞாயிறு இரவும் திங்கட்கிழமையும் பல கடைகள் மூடியிருக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் மதிய வேளையையே பெரிய சாப்பாடாக வைத்துக்கொள்வது நல்லது. இரவு எட்டரைக்குக் கடை திறந்தவுடன் போனால் இடமும் எளிதாகக் கிடைக்கும். உள்ளூர்க்காரர்கள் ஒன்பதரைக்கு மேல்தான் வருவார்கள்.

நான் சைவம். முட்டை, பால் உண்டு. ‘வெஜிடேரியன்’ என்று சொன்னால் புரிந்துகொள்வார்களா? எதை நம்பிச் சாப்பிடலாம்?
வாசகி, மதுரை. இதே கேள்வி சேலம், கொழும்பு வாசகர்களிடமிருந்தும்.

சொல் புரியும். ஆனால் அந்தச் சொல்லுக்கு அவர்கள் மனத்தில் இருக்கும் பொருள் வேறு. ‘கார்னே’ என்றால் இறைச்சி. ஆனால் பலருக்கு அது மாட்டிறைச்சி, பன்றி இறைச்சித் துண்டங்களைத்தான் குறிக்கும். ‘ஹமோன்’ என்கிற உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையை நாம் பெருங்காயம் போடுவதுபோல எதிலும் கொஞ்சம் தூவுவார்கள். அதை இறைச்சிக் கணக்கிலேயே சேர்க்காத பரிமாறுபவர்கள் இருக்கிறார்கள். மீனும் அப்படித்தான். ‘சாண்ட்விச் வெஹெத்தால்’ என்று பெயர் போட்ட ரொட்டிக்குள் சூரை மீனோ ஹமோனோ இருக்கலாம். பெயரில் காய்கறி இருக்கிறதே என்று நம்ப வேண்டாம்.

அதனால் ‘நான் சைவம்’ என்பதோடு நிறுத்தாமல், வேண்டாத பொருளின் பெயரைச் சொல்லுங்கள். ‘நோ கோமோ கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன்.’ இறைச்சி, மீன், ஹமோன் எதுவும் சாப்பிடமாட்டேன் என்று பொருள். ஒவ்வொரு தட்டுக்கும் ‘யேவா ஹமோன்?’ (ஹமோன் சேர்த்திருக்கிறதா), ‘யேவா அத்தூன்?’ (சூரை மீன் சேர்த்திருக்கிறதா) என்று கேளுங்கள். ‘ஸின்’ என்றால் ‘இல்லாமல்’. ‘ஸின் ஹமோன்’ என்ற இரண்டு சொல் பல தட்டுகளைச் சைவமாக்கிவிடும்.

இனி, தட்டுகள். ‘எஸ்பினாக்காஸ் கோன் கர்பன்சோஸ்’ செவியாவின் பெருமை. பசலை இனக் கீரையும் கொண்டைக்கடலையும் பூண்டு, சீரகம், மிளகாய்த்தூள் சேர்த்து, பொரித்த ரொட்டியை அரைத்து விட்டுக் கெட்டியாக்கியது. நம் நாக்குக்கு முதல் வாயிலேயே பழக்கமாகிவிடும். சைவர் ஒருவர் செவியாவில் ஒரே ஒரு தட்டுதான் கேட்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வோம்.

‘பெரென்ஹேனாஸ் கோன் மியெல்’ என்பது மாவில் புரட்டிப் பொரித்த கத்தரிக்காய், மேலே பாகு. மியெல் என்றால் தேன். ஆனால் தெற்கு ஸ்பெயினின் அண்டலூசியாவில் இதன்மேல் ஊற்றுவது பெரும்பாலும் ‘மியெல் தே கான்யா’, அதாவது கரும்புச் சாற்றைக் காய்ச்சிய கருத்த பாகு. மலாகாவுக்கு அருகே ஃப்ரிஹிலியானா என்ற ஊரில் இன்றும் காய்ச்சுகிறார்கள். வெல்லப் பாகு தெரிந்த நமக்கு அதன் இலேசான கசப்பும் பிடிக்கும்.

‘பிமியெந்தோஸ் தே பத்ரோன்’ என்பவை கட்டைவிரல் நீளப் பச்சைக் குடமிளகாய் இனம். சூடான எண்ணெயில் தோல் கொப்பளிக்கும்வரை பொரித்துக் கல்லுப்பு தூவித் தருவார்கள். காம்பைப் பிடித்துக் கடிக்க வேண்டும். பெரும்பாலானவை இனிக்கும், எப்போதாவது ஒன்று காரமாக இருக்கும்.

‘சால்மொரேஹோ’ கோர்தோபா ஊரின் குளிர்ந்த தக்காளிக் கூழ்: தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய். மேலே ஹமோன் தூளும் அவித்த முட்டையும் தூவுவது வழக்கம், எனவே ஸின் ஹமோன். பாதாமும் பூண்டும் அரைத்த ‘அஹோ பிளாங்கோ’ மலாகாப் பக்கத்து வெள்ளை சூப். திராட்சை மிதக்க வரும். கத்தலோனியாவில் தக்காளி தேய்த்த ரொட்டியும், சுட்ட கத்தரி, குடமிளகாய் சேர்ந்த ‘எஸ்கலிவாதா’வும் கேளுங்கள். பின்னதன்மேல் நெத்திலி வைப்பதுண்டு.

ஏமாற்றும் தட்டுகளும் உண்டு. ‘என்சாலாதீயா ருசா’ உருளைக்கிழங்கு மயோனைஸ் சாலட்தான், ஆனால் உள்ளே சூரை மீன் இருக்கும். ‘சாம்பின்யோனெஸ்’ காளான்தான், நடுவே சோரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சி இருக்கலாம். லோக்ரோன்யோ நகரின் லவ்ரேல் தெருவில் புகழ்பெற்ற காளான் அடுக்கின் உச்சியில் ஒரு சிறு இறால் வைப்பார்கள். கூனைப்பூவும் பட்டாணி அவரையும் ஹமோன் இல்லாமல் வருவது அரிது. ‘பத்தாத்தாஸ் பிராவாஸ்’ பொரித்த உருளைக்கிழங்கு என்பதால் எல்லோரும் நம்புவார்கள். மட்ரிட் பாணியில் அதன் காரச் சாஸுக்கு மிளகாய்த்தூளோடு மாவும் இறைச்சி வடிசாறும் சேர்ப்பவர்கள் உண்டு. ‘யேவா கால்தோ தே கார்னே?’ என்று கேளுங்கள். பாலாடைக்கட்டியில் மான்செகோ, இதியாசபால் இரண்டும் மரபாகக் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதியால் உறைய வைப்பவை. அதைத் தவிர்ப்பவர்கள் தவிர்க்கலாம். கத்தரிக்காயைக் கணவாய் பொரித்த எண்ணெயிலேயே பொரிக்கும் கடைகள்தான் பெரும்பான்மை. இதை ஏற்க முடியாதவர்களுக்குப் பொரித்தவை இல்லாத தட்டுகளே வழி.

பன்றி இறைச்சியும் மதுவும் சேர்ந்த எதுவும் எங்களுக்கு ஆகாது. மீன், இறால் சாப்பிடுவோம். எந்தச் சொற்களைப் பார்த்து ஒதுங்க வேண்டும்?
வாசகர், காயல்பட்டினம்

மீன் சாப்பிடுவதால் உங்களுக்குச் சைவர்களைவிடத் தெரிவு அதிகம். ஒதுங்க வேண்டிய முதல் சொல் ‘இபெரிக்கோ’. தட்டின் பெயரில் அது இருந்தால் கறுப்புப் பன்றி இனம் என்று பொருள். ‘செக்ரேத்தோ’, ‘பிரேசா’, ‘புளூமா’ மூன்றும் அதன் வெட்டுகள். பெயரில் பன்றி என்ற சொல்லே இருக்காது. ‘சோரிசோ’, ‘சல்சிச்சோன்’, ‘லோமோ’, ‘பான்செத்தா’, ‘தொசீனோ’, ‘மோர்சீயா’ (இரத்தம் சேர்த்தது) எல்லாம் பன்றி. ‘கார்ரியாதா’ என்ற கன்னக்கறி பெரும்பாலும் பன்றிதான். ‘சொலோமீயோ’ குழப்பமான சொல். அது மாடாகவும் இருக்கலாம், பன்றியாகவும் இருக்கலாம். செவியாவில் ‘சொலோமீயோ அல் விஸ்கி’ என்றால் பன்றியும் விஸ்கியும் சேர்ந்தே இருக்கும். ‘மான்தேகா’ என்றால் பன்றிக் கொழுப்பு. ‘பொல்போரோன்’, ‘மான்தெகாதோ’ என்ற கிறிஸ்துமஸ் இனிப்புகளில் மரபாக அதுதான் சேரும். கோழி எங்கும் உண்டு, ஆனால் சாதாரணத் தபாஸ் கடையில் அது ஹலால் அல்ல.

மாட்டிறைச்சி வேண்டாதவர்கள் ‘தெர்னேரா’, ‘வாக்கா’, ‘புவேய்’, ‘சுலேத்தா’, ‘ராபோ தே தோரோ’ (வால் குழம்பு), ‘காயோஸ்’ (குடல்) ஆகிய சொற்களை நினைவில் வையுங்கள். ‘அல்போந்திகாஸ்’ என்ற கறி உருண்டையில் மாடும் பன்றியும் கலந்திருக்கும்.

தாராளமாகக் கேட்கக்கூடியவை: ‘போக்கெரோனெஸ் ஃப்ரீத்தோஸ்’ (மொறுமொறு நெத்திலி), ‘பூல்போ அ லா கயேகா’ (மரத்தட்டில் மிளகாய்த்தூளும் எண்ணெயும் விட்ட பேய்க்கணவாய்), ‘காலமாரெஸ்’ (கணவாய்). மது கலப்பது வறுவலில் குறைவு, சட்டிப் பண்டங்களில் அதிகம். சிப்பி வகைகளை வெள்ளை ஒயினில் வேகவைப்பார்கள், பூண்டு இறாலில் சிலர் பிராந்தி தெளிப்பார்கள். ‘யேவா வீனோ?’ என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

குடிக்காதவர் பாருக்குப் போனால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்களா? என்ன வாங்குவது?
வாசகி, சென்னை

மாட்டார்கள். ஸ்பெயினில் பார் என்பது நம் ஊர் டீக்கடையும் சிற்றுண்டிக் கடையும் சேர்ந்த இடம். பாட்டிமார் காலையில் காபி குடிப்பதும், அப்பாக்கள் குழந்தைகளோடு ஞாயிறு மதியம் நிற்பதும் அங்கேதான். பதினெட்டு வயதுக்குக் கீழ் மது கிடையாது, உள்ளே வரலாம். 2011 ஜனவரியிலிருந்து உட்புறத்தில் புகைப்பதற்கும் தடை.

‘மோஸ்தோ’ கேளுங்கள். புளிக்கவைக்காத திராட்சைச் சாறு. பாஸ்க் ஊர்களில் ஆலிவும் ஆரஞ்சுத் துண்டும் போட்டு அழகாகத் தருவார்கள். கசப்பு பிடித்தால் ‘பிட்டர் காஸ்’ என்ற சிவப்புக் குளிர்பானம். ‘செர்வேசா ஸின்’ என்றால் ஆல்கஹால் நீக்கிய பீர். ஆனால் சட்டப்படி அதில் 1 சதவீதத்துக்குக் கீழ் ஆல்கஹால் இருக்கலாம். துளியும் கூடாது என்பவர்கள் ‘செரோ செரோ’, அதாவது 0,0 என்று அச்சிட்டதைக் கேட்டாலும் அதிலும் மிகச் சிறு அளவு மிஞ்சியிருக்கலாம். மோஸ்தோவே பாதுகாப்பு. ‘சித்ரா’ ஆப்பிள் சாறு அல்ல, 5–6 சதவீத ஆல்கஹால் உள்ள ஆப்பிள் மது. ‘தின்தோ தே வெரானோ’ சோடா கலந்த சிவப்பு ஒயின். பழம் மிதக்கிறதே என்று சங்கிரியா என்ற ஒயின் பானத்தைக் குழந்தைக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

குடிப்பவர்களுக்கு ஒரு வரி: பெரிய கோப்பை பீர் கேட்காதீர்கள், ‘கான்யா’ கேளுங்கள். சுமார் 200 மில்லி, சூடேறுவதற்குள் முடிந்துவிடும். பொரித்த மீனுக்கும் ஆலிவுக்கும் குளிரூட்டிய ‘ஃபீனோ’ அல்லது சன்லூக்கார் ஊரின் ‘மன்சனீயா’ போல எதுவும் பொருந்தாது. ஆனால் இவை 15 சதவீதம் ஆல்கஹால் கொண்ட ஷெர்ரி ஒயின் வகைகள், சிறு கோப்பைதான் அளவு.

சான் செபஸ்தியானில் கவுண்ட்டர் முழுக்கத் தட்டுகளைப் பரப்பி வைத்திருப்பார்களாம். நாமே எடுத்துக்கொள்ளலாமா? கணக்கு எப்படி?
வாசகர், சிங்கப்பூர்

பாஸ்க் பகுதியில் இதற்குப் பெயர் ‘பின்ச்சோ’. குத்துவது என்ற பொருளுள்ள ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. ரொட்டித் துண்டின்மேல் ஏதாவது வைத்துப் பல்குச்சியால் குத்தியிருப்பார்கள். எடுத்துக்கொள்ளலாமா என்பது கடைக்குக் கடை மாறும். பாதுகாப்பான வழி, முதலில் பானம் சொல்லிவிட்டு ‘உன் பிளாத்தோ’ என்று வெறுந்தட்டு கேட்பது. தட்டை நீட்டினால் எடுத்துக்கொள்ளலாம் என்று பொருள். ‘எது வேண்டும்’ என்று கேட்டால் சுட்டிக்காட்டுங்கள். கூட்டத்தில் கை தட்டிக் கூப்பிடுவது கூடாது. கவுண்ட்டரில் ஒரு முழங்கை வைக்க இடம் பிடித்து, பரிமாறுபவரின் கண்ணைப் பார்த்து நின்றால் முறை வரும்.

பரப்பி வைத்திருப்பதை மட்டும் சாப்பிட்டுவிட்டு வருவது பெரிய நஷ்டம். நல்ல சரக்கு பின்சுவரில் கரும்பலகையில் இருக்கும். அவை சொன்ன பிறகு சமைத்துத் தரும் சூடான பின்ச்சோக்கள். கவுண்ட்டரிலிருந்து ஒன்று, பலகையிலிருந்து ஒன்று என்று சாப்பிட்டுவிட்டு அடுத்த கடைக்கு நகர்வதுதான் முறை. ஒவ்வொரு கடைக்கும் கைவந்த பண்டம் ஒன்றோ இரண்டோதான். பழைய நகர்ப் பகுதியில் லா வீன்யா கடைக்கு மேல்தோல் கருகச் சுட்ட சீஸ்கேக்குக்காகப் போவார்கள். நெஸ்தோர் கடையில் மதியம் ஒன்று, இரவு ஒன்று என நாளுக்கு இரண்டே தோர்த்தீயா. முன்னதாகப் போய்ப் பெயர் கொடுத்தவர்களுக்குத்தான் துண்டு. குரோஸ் பகுதியில் வியாழன் மாலை ‘பின்ச்சோ பொத்தே’ வழக்கம்: ஒரு பானமும் ஒரு பின்ச்சோவும் சேர்த்துக் குறைந்த விலை.

பாஸ்க் பின்ச்சோக்களில் ‘கில்டா’ முதலில் சாப்பிட வேண்டியது. ஆலிவ், ஊறவைத்த பச்சை மிளகாய், உப்பு நெத்திலி மூன்றையும் ஒரே குச்சியில் கோத்தது. துண்டு துண்டாகக் கடிக்காமல் ஒரே வாயில் போட வேண்டும். புளிப்பும் உப்பும் காரமும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் அது கில்டா.

கணக்கு பெரும்பாலும் நம்பிக்கையின்பேரில். கடைசியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார்கள், சொல்ல வேண்டும். குச்சியை எண்ணி விலை போடும் கடைகளும் உண்டு, எனவே குச்சிகளைத் தட்டிலேயே வையுங்கள்.

இறால் ஒரு தட்டு சொன்னோம், பில் தலை சுற்ற வைத்தது என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். எங்கே தவறு நடக்கிறது?
வாசகர், தஞ்சாவூர்

விலை எழுத வேண்டிய இடத்தில் ‘செகூன் மெர்காதோ’ அல்லது ‘எஸ், எம்’ என்ற இரண்டு எழுத்து இருந்தால், அன்றைய சந்தை விலை என்று பொருள். பெரிய இறால், நண்டு, சிப்பி வகைகளுக்கு 100 கிராம் விலையை மட்டும் போடுவதும் உண்டு. அதைத் தட்டின் விலை என்று எண்ணிவிடுகிறார்கள். சொல்லும்முன் எடை என்ன, மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். கேட்பது அங்கே அநாகரிகம் அல்ல.

மற்றவை சிறியவை. கேட்காமல் வைக்கும் ரொட்டிக்குக் காசு போடலாம், வெளிமேசைக்குத் தனி விலை இருக்கலாம். ‘இவா’ என்கிற வரி உணவுக்கு 10 சதவீதம், பொதுவாக விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். டிப்ஸ் கட்டாயமில்லை, சில்லறையை விட்டுவிட்டு வருவதே வழக்கம். பில்லுக்கு ‘லா குவெந்தா, போர் ஃபவோர்’. கேட்காமல் பில் வராது. எழுந்து போகச் சொல்வதாகிவிடும் என்பதால் அவர்களாகக் கொண்டுவரமாட்டார்கள்.

கிரனாதாவில் தபாஸ் இலவசம் என்பது மெய்யா?
வாசகி, டொராண்டோ

மெய்தான். கிரனாதா, ஹயேன், அல்மெரியா, வடக்கே லியோன் ஆகிய ஊர்களில் பானம் வாங்கினால் ஒரு தாபா சேர்ந்தே வரும். அடுத்த பானத்துக்கு வேறு தாபா. கிரனாதாவில் எது வரும் என்பதைப் பெரும்பாலும் கடைக்காரர்தான் முடிவு செய்வார். சைவர்கள் தட்டு வந்தபின் சொல்லக் கூடாது, பானம் சொல்லும்போதே சொல்ல வேண்டும். செவியாவிலும் சான் செபஸ்தியானிலும் ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. மட்ரிட்டில் ஆலிவோ சிப்ஸோ வைத்தால் அது உபசாரம்.

ஹமோன் ஒரு கடையில் மலிவு, அடுத்த கடையில் மூன்று மடங்கு. என்ன வேறுபாடு?
வாசகர், லண்டன்

‘செர்ரானோ’ என்பது சாதாரண வெள்ளைப் பன்றி. ‘இபெரிக்கோ’ கறுப்பு இனம். 2014-இல் வந்த விதிப்படி இபெரிக்கோ தொடையின் கணுக்காலில் நிறப்பட்டை கட்டுவார்கள். கறுப்பு என்றால் முழு இபெரிக்கோ இனம், இறுதிக் கொழுப்புப் பருவத்தில் ஓக் காய் மேய்ந்தது. சிவப்பு என்றால் கலப்பினம், ஓக் காய் மேய்ந்தது. பச்சை, மேய்ச்சலோடு தீவனமும். வெள்ளை, தீவனம் மட்டும். கவுண்ட்டருக்கு மேலே தொங்கும் தொடையில் பட்டையைப் பார்த்தாலே விலையின் காரணம் தெரிந்துவிடும்.

தோர்த்தீயாவை வீட்டில் செய்தேன். ஒருமுறை ஒட்டிப் பிய்ந்தது, ஒருமுறை ஆம்லெட் போல வறண்டது. சரியான அளவும் பக்குவமும் சொல்லுங்கள்.
வாசகி, திருநெல்வேலி

நான்கு பேருக்கு: உருளைக்கிழங்கு 500 கிராம், பெரிய வெங்காயம் 150 கிராம், முட்டை 6, எண்ணெய் 300 மில்லி, உப்பு. 22 சென்டிமீட்டர் அகலமுள்ள, ஒட்டாத பூச்சுக் கடாய். தோசைக்கல் உதவாது, விளிம்பு உயரம் வேண்டும். ஆலிவ் எண்ணெய் விலை கூடுதல் என்றால் மணமில்லாத சூரியகாந்தி எண்ணெய் போதும். நல்லெண்ணெய் வேண்டாம், வாசனை மேலோங்கும்.

கிழங்கைத் தோல் சீவி 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒழுங்கில்லாத சீவல்களாக நறுக்குங்கள். நறுக்கியபின் தண்ணீரில் போடாதீர்கள். மேலிருக்கும் மாவுச்சத்துதான் பிறகு முட்டையோடு பிடித்து நிற்கும். எண்ணெயை மிதமாகச் சூடாக்கி, கிழங்கும் வெங்காயமும் உப்பும் போட்டு, சிறு குமிழ் மட்டும் வரும்படி சிறு தீயில் 20 முதல் 25 நிமிடம் வேகவிடுங்கள். இது பொரிப்பதல்ல, எண்ணெயில் அவிப்பது. சிவந்து மொறுமொறுப்பானால் தீ அதிகம். கரண்டியால் அழுத்தினால் உடைய வேண்டும். வடிதட்டில் கொட்டி எண்ணெயை வடியுங்கள். அந்த எண்ணெய் இன்னும் இரண்டு முறைக்கு ஆகும்.

முட்டையை நுரை கிளம்பாமல் கலக்கி, வெதுவெதுப்பான கிழங்கைச் சேர்த்துப் பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்ப்பதால்தான் வெட்டும்போது கிழங்கு தனியே, முட்டை தனியே உதிர்கிறது. கொதிக்கக் கொதிக்கக் கொட்டினால் முட்டை கட்டிதட்டிவிடும்.

கடாயை நன்றாகக் காயவைத்து ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, கலவையை ஊற்றியதும் தீயைக் குறையுங்கள். கடாய் காயாமல் ஊற்றியதே உங்களுக்கு ஒட்டியதற்குக் காரணமாக இருக்கும். விளிம்பைக் கரண்டியால் உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தால் உருண்ட ஓரம் வரும். இரண்டரை நிமிடத்தில் விளிம்பு இறுகி நடு தளதளவென்று இருக்கும். கடாயைவிட அகலமான, குழியில்லாத தட்டை மேலே வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து ஒரே வீச்சில் கவிழ்த்து, மெதுவாகக் கடாய்க்குள் வழுக்கிவிடுங்கள். தயங்கித் தயங்கிக் கவிழ்த்தால்தான் வழியும். மறுபக்கம் ஒன்றரை நிமிடம் போதும். வறண்டுபோனது இந்த இரண்டாம் பக்கத்தில் நேரம் கூடியதால்தான். இறக்கியபின்னும் உள்சூட்டில் ஐந்து நிமிடம் வேகும், அதற்கு இடம் விட்டே இறக்க வேண்டும். நடு இளகியிருப்பதுதான் அங்கே விரும்பும் பக்குவம். ஆனால் கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்களுக்கு முட்டை முழுக்க இறுகும்வரை வைத்துக் கொடுங்கள்.

சூடாக வெட்ட வேண்டாம், பத்து நிமிடம் ஆறட்டும். மிஞ்சினால் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் அறைச் சூட்டுக்கு வந்தபின் நீள ரொட்டிக்குள் வைத்துத் தக்காளி தேய்த்துச் சாப்பிடலாம்.